பரணா, காரா, கூடாரமா? செட்டிநாட்டில் சத்தமில்லாமல் மான் பார்க்க எது தோது

சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர், சிங்கம்புணரி, பிரான்மலைப் பக்கம் காட்டை ஒட்டிக் கொல்லையோ தோப்போ வைத்திருப்பவர்களுக்குப் புள்ளிமானும் மயிலும் புதிதில்லை. விடியுமுன் கடலைக் கொல்லையில் இறங்கும். ஆள் அரவம் கேட்டால் அடுத்த நொடி வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும். அவற்றைக் கலைக்காமல் நின்று பார்க்க, படம் எடுக்க, நான்கு வழிகள் நடைமுறையில் உண்டு: மரத்தில் கட்டும் பரண், தனியாக நடும் நாலுகால் பரண், தரையில் விரிக்கும் துணிக்கூடாரம், ஓரமாக நிறுத்திய கார். நான்கிலும் சத்தம் உண்டு. எந்தச் சத்தம், எந்த நேரத்தில் வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை நம் நாட்டில் குற்றம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவதும் குற்றம். ஆகவே இங்கே சொல்வதெல்லாம் சொந்தப் பட்டா நிலத்தில், அல்லது உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு அவர் தோப்பில், கேமராவும் பைனாகுலரும் வைத்துக்கொண்டு உட்காருவதற்கு மட்டும். அய்யனார் கோயில் காடு என்றால் ஊராரைக் கேட்காமல் அங்குள்ள மரத்தில் கால் வைக்கவே கூடாது. பல ஊர்களில் அங்கே கிளை ஒடிப்பதையே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்தக் கட்டுப்பாட்டால்தான் அந்தக் காடு இன்னும் இருக்கிறது.

பரண் நமக்குப் பழைய சங்கதி. தினைப்புனக் காவலுக்குப் பரண் கட்டி, கவண் வீசி, தட்டை தட்டிக் கிளி விரட்டிய மரபு சங்கப் பாட்டிலேயே வருகிறது. ஆனால் அந்தப் பரண் சத்தம் போடுவதற்காகக் கட்டியது. அது கிறீச்சிட்டால் காவலுக்கு நல்லதுதான். அதே முறையில் ஆணியடித்துக் கட்டிய பரணில் மான் பார்க்க உட்கார்ந்தால் முதல் அசைவிலேயே காரியம் கெட்டுவிடும்.

மான் எதைக் கேட்டு ஓடுகிறது?

மனிதக் காது ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் (ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற அளவு; கூடக்கூட ஒலி கீச்சென்று இருக்கும்) வரையுள்ள ஒலிகளைக் கூர்மையாகக் கேட்கும். 20,000-க்கு மேல் நமக்கு ஒன்றும் கேட்காது. அமெரிக்க வெள்ளைவால் மானைச் சோதித்ததில், அதன் காது 4,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை நன்றாகக் கேட்பதும், நம் எல்லைக்கு வெகு மேலேயும் கேட்பதும் தெரிந்தது. புள்ளிமானும் காதை இரண்டு பக்கமும் தனித்தனியாகத் திருப்பி ஒலி வந்த திசையைப் பிடிக்கிற விலங்குதான். ஆகவே நமக்குச் சின்னதாகப் படுகிற கீச்சென்ற ஒலிகள்தான் ஆபத்து: வெல்க்ரோ பிரியும் சத்தம், ஜிப், சாவிக்கொத்து, கொக்கி இரும்பில் மோதுவது, பிளாஸ்டிக் கவர் நொறுங்குவது, நைலான் ஜாக்கெட் கை உரசுவது.

பழகிய சத்தத்துக்கு மான் அவ்வளவாக மிரளாது. மார்கழியில் விடியுமுன்பே கோயில் ஒலிபெருக்கி பாடுகிற ஊர்களில், அந்தப் பாட்டுக்கு நடுவிலேயே அது மேயும். செட்டிநாடு ஸ்டேஷன் வழியாகப் போகும் ரயிலின் ஓசைக்கும் தலையைக்கூடத் தூக்காது. பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்று சொல்லி வைத்தது அனுபவத்தில் வந்த பேச்சு. ஆனால் அதே இடத்தில் இரும்பு ஒருமுறை ‘டிங்’ என்றால் தலை நிமிரும், வால் தூக்கும், முன்னங்கால் தரையைத் தட்டும். ஒருமுறைதான் என்றால் நீங்கள் அசையாமல் இருந்தால் சில நிமிடத்தில் மறுபடி மேயத் தொடங்கும். இரண்டாவது முறை கேட்டால் கூச்சல் கொடுத்துக் கூட்டத்தோடு போய்விடும். எந்த மறைவைத் தேர்ந்தாலும் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துத்தான் தேர வேண்டும்.

மரத்துப் பரண்

காட்டோரக் கொல்லையில் மான் பார்க்க இதுதான் முதல் தேர்வு. கண்மட்டத்துக்கு மேலே இருப்பதால் மானின் பார்வையில் சட்டென்று படாது. உடல் வாடையும் தரையோடு நேராக அதன் மூக்குக்குப் போகாது. உயரம் 10 முதல் 12 அடி போதும். அமெரிக்க வேட்டைக்காரர்கள் 15, 20 அடிக்கு ஏறுவது அங்குள்ள நெடிய மரங்களுக்குப் பொருந்தும். நம் புளியும் வேம்பும் அகலத்தில் விரிகிற மரங்கள். 12 அடிக்கு மேல் போனால் கிளையே பார்வையை மறைக்கும், விழுந்தால் அடியும் அதிகம்.

மரத்தில் புளிதான் சிறந்தது. கிளை உறுதி, தழை அடர்த்தி, காற்றில் அடிமரம் ஆடாது. வேம்பு அடுத்தது. முருங்கையை நினைக்கவே வேண்டாம், ஒடியும். தைலமரம் நெட்டையாக வளர்ந்து லேசான காற்றுக்கே ஆடும். பட்டை உரிந்து தொங்கிச் சலசலக்கும். அதில் கட்டிய பலகை காற்று நிற்கும்வரை முனகிக்கொண்டே இருக்கும். பனையில் சாய்த்துக் கட்டுகிறவர்கள் காய்ந்த மட்டை விழும் என்பதை மறக்கக் கூடாது. ஏறுமுன் மரத்தைச் சுற்றி வந்து தேன்கூடு, குளவிக்கூடு, முசிறு கட்டிய இலைக்கூடு இருக்கிறதா என்று பகலில் பார்த்துவிடுங்கள். முசிறு கடித்தால் சத்தமில்லாமல் உட்கார யாராலும் முடியாது.

கிறீச்சொலி வருவதற்கு மூன்று காரணங்கள்தான். மரம் மரத்தோடு உரசுவது. ஆணி துளைக்குள் ஆடுவது. இரண்டு மரங்களில் சேர்த்துக் கட்டுவது. மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. பக்கத்துப் பக்கத்து மரமானாலும் காற்றில் இரண்டும் ஒரே போல ஆடாது. நடுவில் கட்டிய கம்பு இழுபட்டுச் சத்தமிடும். ஒரே மரத்தின் கவைகளில் கட்டுங்கள். முடியாவிட்டால் இரண்டாவது மரத்தில் கம்பை இறுக்காமல், சாக்கு சுற்றிய கிளைமேல் சும்மா கிடக்க விடுங்கள்.

கட்டும் முறை இது. சவுக்குக் கம்பு, நுனிப் பக்கமே 4 அங்குலம் தடிமன் உள்ளதாக, நான்கு. மேலே 4 அடிக்கு 5 அடி தளம், ஒன்றரை அங்குலப் பலகை. பலகைக்கும் பலகைக்கும் கால் அங்குலம் இடைவெளி விட வேண்டும். ஒட்டி வைத்தால் மழையில் ஊதி ஒன்றையொன்று நெருக்கும், கால் வைத்ததும் கத்தும். கம்பு கிளையைத் தொடும் இடமெல்லாம் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் மேல் கயிறு கட்ட வேண்டும். ஆணி வேண்டாம். மரத்துக்கும் காயம், காய்ந்து சுருங்கியதும் ஆணி தளர்ந்து பேச ஆரம்பிக்கும். நார்க்கயிறு நனைந்தால் இறுகும், காய்ந்தால் தளரும். ஐப்பசி மழையில் கட்டியதை மாசி வெயில் வந்ததும் கட்டாயம் மறுபடி இறுக்க வேண்டும். நைலான் கயிறு அப்படி மாறாது. ஆனால் முடிச்சு வழுக்கும், முடிச்சுக்குப் பின்னால் ஒரு சாண் மிச்சம் விடுங்கள்.

தளத்தின் மேல் விரிப்பது சின்ன விஷயமாகத் தோன்றும், அதில்தான் பாதி வெற்றி. கோரைப்பாய் கூடாது, காய்ந்த கோரை முழங்கால் மாற்றும்போதெல்லாம் நொறுங்கும். வீட்டில் கிடக்கும் பழைய பருத்தி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். உட்காருவதற்குப் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், மடித்த கோணிச் சாக்கு போதும். கைக்கு எதிரே, உட்கார்ந்தால் நெஞ்சுயரத்துக்கு ஒரு குறுக்குக் கம்பு கட்டித் துணி சுற்றிவிட்டால் கேமராவை அதன்மேல் வைக்கலாம், முக்காலி தேவையில்லை.

கடையில் வரும் இரும்பு ஏணிப்பரண் வாங்குகிறவர்களுக்கு வேலை வேறு. ஒவ்வொரு இணைப்பையும் கழற்றி, போல்ட்டுக்கு நைலான் வாஷர் போட்டு, இரும்பு இரும்பைத் தொடும் இடத்தில் துணி டேப் ஒட்ட வேண்டும். மரத்தைச் சுற்றும் பட்டை காற்றில் வீணைத்தந்தி போல ரீங்கரிக்கும். அதைக் கட்டும்போது ஒரு அரைமுறுக்கு கொடுத்தால் ரீங்காரம் நின்றுவிடும். ஏணியின் கால் சரளைக்கல்லில் நிற்கக் கூடாது, மண்ணைக் கொத்தி ஒரு அடிக்குப் புதையுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் சமரசம் கிடையாது. முழு உடலையும் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டை, தலைக்கு மேலே அடிமரத்தில் கட்டிய கயிறு, ஏறும்போதிலிருந்தே மாட்டிய கொக்கி. இடுப்பில் மட்டும் கயிறு கட்டிக்கொள்வது விழும்போது முதுகையும் வயிற்றையும் உடைக்கும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டாம். மேலே ஏறி உட்கார்ந்த பிறகு கயிற்றில் கட்டி இழுங்கள். பட்டையின் இரும்புக் கொக்கிகளுக்குத் துணி டேப் சுற்றலாம். ஆனால் பூட்டு திறந்து மூடும் இடத்தில் டேப் படக்கூடாது.

நாலுகால் பரண்

தோதான மரம் இல்லாத இடத்துக்கு இது. கொல்லை நடுவே, கண்மாய் உள்வாயை ஒட்டி, முந்திரித் தோப்பு ஓரம். காற்றில் ஆடும் மரத்தோடு சம்பந்தமே இல்லாததால், நன்றாக நட்டால் மரத்துப் பரணைவிடச் சத்தம் குறைவு. நட்டால் என்பதுதான் முக்கியம்: ஒவ்வொரு காலும் மூன்றடி ஆழம், சுற்றிலும் கல்லும் மண்ணும் இடித்து இறுக்கம், நான்கு பக்கமும் குறுக்குக் கம்பு. செம்புராங்கல் நிலத்தில் மூன்றடி தோண்டுவது ஒரு நாள் வேலை. அதற்குச் சோம்பி ஒன்றரை அடியில் நிறுத்தினால் ஆள் அசையும்போதெல்லாம் மொத்தமும் ஆடும். இன்னொரு குறை, பொட்டலில் புதிதாக நிற்கும் உருவம் மானுக்கு உறுத்தும். கட்டி முடித்து இரண்டு மூன்று வாரம் யாரும் ஏறாமல் விட்டுவிட வேண்டும். பக்கவாட்டில் மறைப்புக்குத் தென்னங்கீற்றுக் கிடுகு கட்டலாம். காய்ந்த பனையோலை பனந்தோப்புக்குள் என்றால் சரி, அங்கே எல்லாப் பக்கமும் அதே சலசலப்பு. பொட்டலில் அது தனியாகக் கேட்கும்.

துணிக்கூடாரம்

விரித்ததும் நிமிர்ந்துகொள்ளும் மறைவுக்கூடாரத்தைப் பலரும் முதலில் வாங்குகிறார்கள். இடம் மாற்றலாம், ஏறத் தேவையில்லை என்பதால். செட்டிநாட்டுக்கு இதை நான் கடைசியில்தான் வைப்பேன். ஆனி, ஆடிக் காற்றில் தொய்வான துணி படபடவென்று அடித்துக்கொள்ளும். பங்குனியிலிருந்து காலை ஒன்பது மணிக்கே உள்ளே வேர்த்துக்கொட்டும். வியர்வையோடு வாடையும் தரைமட்டத்தில் பரவும். சன்னல்கள் வெல்க்ரோவில் திறப்பவையாக இருந்தால் அவற்றை விடியுமுன்பே திறந்து மடித்து ஊக்கு குத்திவிட வேண்டும்.

மார்கழி முதல் மாசி வரை, கண்மாய் நீரோரப் பறவைகளுக்கு மட்டும் இது அருமை. தரையோடு தரையாக, நீர் மட்டத்தில் படம் கிடைக்கும். முந்தைய நாள் சாயங்காலமே விரித்து, முளையைச் சுத்தியலால் அடிக்காமல் மணல்மூட்டை வைத்து, துணியை நாற்புறமும் இழுத்துக் கட்டிவிடுங்கள். உள்ளே தரையில் ஈரச் சாக்கு. ஜிப்புக்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் கரகரப்பு பெருமளவு குறையும்.

கார்

கண்மாய்க் கரைமேல் வண்டித்தடம் போகும் ஊர் நம்மூர். தினமும் வண்டி போவதைப் பார்த்துப் பழகிய கொக்கும் நாரையும் நின்ற காருக்கு மிரளுவதில்லை. கதவு திறந்து ஆள் இறங்கியதும் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். ஆகவே பறவைக்கு காரே போதும் என்பது என் முடிவு. மானுக்கு, காட்டோர மண்தடத்தில் நிறுத்தி ஒரு மணி நேரம் காத்திருக்கப் பொறுமை இருந்தால் பரவாயில்லை என்கிற அளவில் உதவும்.

வேலைகளை இடத்துக்கு வருமுன் முடிக்க வேண்டும்: கண்ணாடியை இறக்குவது, உள்விளக்கை அணைப்பது, சீட்பெல்ட் கழற்றினால் கத்தும் எச்சரிக்கையை எஞ்சின் ஓடும்போது தவிர்ப்பது, போனை அமைதியில் போடுவது. எஞ்சினை நிறுத்திய பிறகு சைலன்சர் ஆறும்போது பத்து, பதினைந்து நிமிடம் ‘டிக் டிக்’ என்று கேட்டுக்கொண்டிருக்கும். அது அடங்கும்வரை எதையும் எதிர்பார்க்காதீர்கள். எஞ்சின் ஓடினால் அதிர்வில் படமும் கலங்கும். கதவின் விளிம்பில் அரிசியை முக்கால் பங்கு நிரப்பிய துணிப்பை, இரண்டு கிலோ அளவில், வைத்து அதன்மேல் லென்ஸைப் படுக்க வையுங்கள்.

கொள்ளுக்குடிப்பட்டி வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு இந்தப் பேச்சே வேண்டியதில்லை. அங்கே எந்த மறைவும் கட்டக் கூடாது, பாதையிலிருந்து பார்த்தாலே நத்தை குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் தெரியும். நாரைகள் கூடு கட்டியிருக்கும் நாளில் தீபாவளிக்கே வெடி போடாத ஊர் அது. அங்கே போய்க் கார் ஹாரன் அடிப்பவர்களைப் பார்த்தால் மனம் நோகிறது.

காற்றும் வெயிலும் முடிவு செய்வது

சத்தமும் வாடையும் காற்று போகும் பக்கம்தான் அதிகம் போகும்; ஆகவே காற்று மானிடமிருந்து உங்களை நோக்கி வர வேண்டும். ஆனி, ஆடியில் காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்து வரும். அப்போது மான் இறங்கும் இடத்துக்குக் கிழக்கே, வடகிழக்கே உட்காருங்கள். காலை வெயில் முதுகுப்புறம் விழும், மான்மேல் நேராக வெளிச்சம் படும், காலைக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை. ஐப்பசி முதல் தை வரை வடகிழக்கிலிருந்து காற்று. அப்போது தெற்கே, தென்மேற்கே உட்கார வேண்டும். காலையில் வெயில் கண்ணில் அடிக்கும், எனவே அந்த மாதங்களில் மாலை உட்காருவது உத்தமம். ஒரே பரண் வருஷம் முழுக்க உதவாது என்பதற்கு இதுதான் காரணம். இடம் இருந்தால் கொல்லையின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று கட்டுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் கிழக்குப் பக்கம்.

போகும் வழி

எந்த மறைவானாலும் மானைக் கலைப்பது பெரும்பாலும் போய்ச் சேரும் நடைதான். நம் சரளை நிலத்தில் ஒவ்வொரு அடியும் நொறுக்கொலி. தோப்பில் புளியஞ்சருகும் தேக்கிலையும். முந்தைய நாள் பகலில், பரணுக்குப் போகும் கடைசி நூறு அடியை இரண்டடி அகலத்துக்குச் சீமாறு போட்டுப் பெருக்கிவிடுங்கள். அரை மணி நேர வேலை, ஆனால் இதைவிடப் பலன் தருவது வேறொன்றுமில்லை. வெறுங்கால் அமைதிதான், ஆனால் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் உள்ள மண்; மெல்லிய ரப்பர் அடிப்பாகமுள்ள மூடிய செருப்பு அணிந்து, தரையைப் பார்த்துச் சிவப்பு வெளிச்ச டார்ச்சோடு நடக்க வேண்டும். பொழுது விடிய முக்கால் மணி நேரம் முன்னதாக உட்கார்ந்துவிடுங்கள். வழியில் ஆள்காட்டிக் குருவி கிளம்பிக் கத்தினால் அங்கேயே நின்று, அது அடங்கிய பிறகு நடங்கள். அது கத்துகிற வரைக்கும் சுற்றியுள்ள எல்லாமும் உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கும்.

உடுப்பு பருத்தி, பலமுறை துவைத்து மெத்தென்று ஆனது. முழுக்கை இருந்தால் கொசுவை அடிக்க வேண்டி வராது. பையில் முறுக்கும் தேன்குழலும் சீடையும் வேண்டாம். இட்லியோ வெள்ளைப்பணியாரமோ வாழையிலையில் கட்டிக்கொள்ளுங்கள். எவர்சில்வர் தூக்கு என்றால் துண்டில் சுற்றிவிடுங்கள். கசங்கும் பிளாஸ்டிக் பாட்டில் ஆகாது. இருமல் வருபவர் அதிமதுரத் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளலாம், காகிதம் சுற்றிய மிட்டாயை அங்கே பிரிக்கக் கூடாது. போனை அதிர்விலும் வைக்கக் கூடாது. பலகைமேல் அதிர்வது மணியடிப்பதற்குச் சமம்.

கேமராவில் குவியம் பிடித்ததும் வரும் ‘பீப்’ ஒலியை அணைத்துவிடுங்கள். உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடியில்லாத (மிரர்லெஸ்) கேமராக்களில் மின்னணு ஷட்டர் சத்தமே இல்லாதது. ஓடும் விலங்கு அதில் சற்றுக் கோணலாக விழக்கூடும், நின்று மேய்வதற்குக் குறையில்லை. அந்தக் கண்ணாடி உள்ள பழைய டிஎஸ்எல்ஆர் என்றால் அமைதி முறையில் ஒவ்வொரு படமாக எடுங்கள். தொடர்ந்து பொழிந்தால் 30 மீட்டரில் நிற்கும் மான் நிச்சயம் நிமிரும். இருவர் உட்கார்ந்தால் பேச்சுக்குப் பதில் கைச்சைகையை முன்னமே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: முழங்காலில் ஒரு தட்டு இடது, இரண்டு வலது. அசைய வேண்டுமானால் மான் தலை குனிந்து மேயும்போதோ, காற்று வீசித் தழை அசையும்போதோ, ரயில் போகும்போதோ அசையுங்கள்.

ஆகக் கூடி, ஒருவருக்கு ஒன்றுதான் கட்ட முடியும் என்றால்: மான் வரும் கொல்லையும் நல்ல புளியும் இருந்தால் மரத்துப் பரண், மரமில்லாமல் தோண்டும் பொறுமை இருந்தால் நாலுகால், பறவைதான் வேண்டும் என்றால் கார் இருக்கிறது, செலவு செய்யவே வேண்டாம். கூடாரத்தை நண்பரிடம் ஒரு மார்கழிக்கு இரவல் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வீட்டில் வயதானவர்களோ முழங்கால் வலி உள்ளவர்களோ வருகிறார்கள் என்றால் பரணை விட்டுக் காரைத் தேருங்கள். மூன்று மணி நேரம் சம்மணமிட முடியாதவர் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கால் மாற்றுவார், எவ்வளவு நன்றாகக் கட்டிய பலகையும் அதற்கு ஈடுகொடுக்காது.

இறங்கும்போது மான் இன்னும் மேய்ந்துகொண்டிருந்தால் இறங்காதீர்கள். பரணிலிருந்து ஆள் இறங்குவதை ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்தடுத்த நாட்களில் அந்த மரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொல்லைக்குள் வரும். அது தானாக விலகிய பிறகு, கேமராவை முதலில் கயிற்றில் இறக்கி, கொக்கியைக் கழற்றாமல் ஏணியில் இறங்கி, வந்த பாதையிலேயே திரும்புங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு கட்டையும் ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள்: டியூப் வெடித்திருந்தால் மாற்றுங்கள், கயிறு மரப்பட்டைக்குள் புதைய ஆரம்பித்திருந்தால் தளர்த்தி வேறிடத்தில் கட்டுங்கள், கரையான் பிடித்த கம்பைத் தயங்காமல் எடுத்துப் போடுங்கள்.